கட்டில், மெத்தை, தலையணை, மின்னொளி விளக்கு

செப்டம்பர் 1, திங்கள்

இன்று வேதமாணிக்கம் அண்ணாச்சி சரக்குக் கோப்பு ஒன்றை என் மேசைமேல் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் முதலாளி விசிறியைப் பார்த்தால் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம்.

எங்களுடையது தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து வெளியே எடுத்துக் கொடுக்கும் அலுவலகம். எந்தச் சரக்கு சுங்கவரி அட்டவணையில் எந்த அத்தியாயத்துக்குள் போகும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ஊசியைக் காட்டினாலும் சொல்வேன், உரமூட்டையைக் காட்டினாலும் சொல்வேன். தற்பெருமை இல்லை. நாட்குறிப்பில் பொய் எழுதக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

கோப்பைத் திறந்தேன். அனுப்பியவர் லம்பர்ட், ஷார்ஜா. பெறுபவர் அலைகடல் கைப்பந்துக் கழகம், செயலாளர் தார்சியுஸ். தார்சியுஸ் என் கணவர்.

"அண்ணாச்சி, இது எங்க வீட்டுக்காரரு சரக்கு. வேற யார்ட்டயாவது குடுங்க" என்றேன்.

"வேற யாருக்கும்மா அத்தியாயம் தெரியும்? நீயே பாத்துரு. சனிக்கிழமை இல்ல, அதுக்கு அடுத்த சனிக்கிழமை மேட்சாம். உன் மாப்பிள்ள காலையில இருந்து ஆறு தடவ போன் போட்டுட்டாரு. எனக்குக் காதே சூடாயிட்டு."

உள்ளே இருப்பவை எட்டு மின்னொளி விளக்குகள். கழகத்தில் முன்பு ஆடிய லம்பர்ட் அன்பளிப்பாக அனுப்பியிருக்கிறார். வருடா வருடம் நடத்துகிற மின்னொளிப் போட்டிக்கு இதுவரை வாடகை விளக்குதான். போன வருடம் இறுதி ஆட்டத்தில் மூன்று விளக்கு அவிந்து போய், அந்த இருட்டில் எதிர்த்து ஆடிய முத்துக்கரை அணிக்காரன் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தான், நடுவர் கவனிக்கவில்லை, நாங்கள் தோற்றோம். அதிலிருந்து முத்துக்கரைக்காரர்கள் எங்கள் போட்டியை 'மெழுகுவர்த்திப் போட்டி' என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். என் கணவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த வருடமும் வெளிச்சம் இல்லையென்றால் போட்டியை முத்துக்கரைக்கே கொடுத்துவிடுவதாக மாவட்டக் கைப்பந்துச் சங்கத்தில் முடிவாகிவிட்டது.

கோட்டைத் தாண்டியது எல்லாம் நான் கேள்விப்பட்டதுதான். நான் இவர் ஆட்டத்தைப் பார்க்கப் போவதில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆடப் போய் விரலை வீங்க வைத்துக்கொண்டு வந்தார். மாதா கோயிலில் மோதிரம் ஏறவில்லை. சாமியார் தேங்காய் எண்ணெய் கொண்டுவரச் சொன்னார். அப்போதும் ஏறாமல் சுண்டுவிரலில் மாட்டினார்கள். "உங்க வாலிபால் இருக்கிற பக்கம் இனி என் கால் படாது" என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். எமரன்சியா சொன்னால் சொன்னதுதான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கோப்பில் சரக்கின் பெயர் 'விளையாட்டுச் சாமான்' என்று இருக்கிறது. நேற்று இதை நான் கவனிக்காமல் கணவர் பெயரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ராத்திரி சாப்பாட்டில் கேட்டேன்.

"நாந்தான் லம்பர்ட்டுக்குச் சொன்னேன். வாலிபாலுக்குத்தானே வருது? பின்ன என்ன, வெவசாயச் சாமான்னா எழுதுவான்?"

"அப்போ நீங்க கிரவுண்டுக்குப் போற பைக்கும் விளையாட்டுச் சாமானா?"

"அப்படி எழுதலாமாளா?" என்று உண்மையாகவே கேட்டார். பதினோரு வருடமாக என்னோடு ஒரே தட்டில் மீன்முள் போடுகிற மனிதர். என்ன சொல்ல?

பொறுமையாக விளக்கினேன். பந்து, வலை, பொம்மை எல்லாம் தொண்ணூற்றைந்தாம் அத்தியாயம். வெறும் பல்பு மட்டும் வந்தால் எண்பத்தைந்து. கூடு, கண்ணாடி, மாட்டுகிற கம்பி எல்லாம் சேர்ந்த முழு விளக்கு தொண்ணூற்று நான்கு. அதே அத்தியாயத்தில்தான் கட்டில், நாற்காலி, மெத்தை, தலையணை எல்லாம் இருக்கின்றன.

அவர் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். "ஒரு மைதானத்தையே பகலாக்குற விளக்க, தலகாணியோட கொண்டு சேத்துட்டியளே!" என்றார். ஏதோ நான்தான் அட்டவணையை எழுதியது போல.

செப்டம்பர் 4, வியாழன்

சரக்கைப் பார்க்கும் அதிகாரி புதிதாக வந்திருக்கிறார். ராக்கியப்பன் என்று பெயர், கோயம்புத்தூர்ப் பக்கம். நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பேனாவைத் திறந்து, மூடி, திறந்து, ஒரு தடவை மேலே பார்த்துக்கொள்கிறார்.

பெட்டியைத் திறந்து பார்த்தார். "ஏனுங்க மேடம், பேப்பர்ல விளையாட்டுச் சாமான்னு இருக்குது. உள்ள விளக்கு இருக்குது. ஆனா விளையாட்டுக்குத்தானுங்க வருது? அப்ப பேப்பர் சரிதானுங்களே. தொண்ணூத்தஞ்சுல போட்டு இன்னைக்கே விட்டறலாமுங்க."

பக்கத்தில் நின்ற என் கணவர் அவரைக் கட்டிப்பிடிக்கப் போனார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"சார், விளக்கு எங்க எரியப் போவுதுங்கிறது கேள்வி இல்ல. அது என்ன பொருள்ங்கிறதுதான் கேள்வி. இது தொண்ணூத்தி நாலு. பேப்பரத் திருத்தித் தாரேன்."

அதிகாரி பேனாவை மூடினார். "நான் இப்பத்தானுங்களே 'விளையாட்டுக்கு மட்டும் உரியது'ன்னு குறிப்பு எழுதினேன்?"

வெளியே வந்ததும் இவர் குதித்தார். "அவரே விடுதேங்காரு. நீ ஏம்ளா போற சரக்கப் பிடிச்சு நிறுத்துத?"

"தப்பான அத்தியாயத்துல என் கையெழுத்து விழாது. நாளைக்குத் தணிக்கையில தோண்டுவாவ. அன்னைக்கு உங்க கழகம்தான் சுங்கத்து வாசல்ல நிக்கணும்."

"தணிக்க பொறவு வரும். மேட்ச் பதிமூணாந்தேதி!"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இன்று நான்தான் பூசாரி. இருக்கட்டும்.

செப்டம்பர் 5, வெள்ளி

பேசவில்லை. குழம்பில் உப்பு இல்லை என்பதைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

செப்டம்பர் 8, திங்கள்

மூன்று பக்க விளக்கம் எழுதிக் கொடுத்தேன். இதே மாதிரி விளக்கை எங்கெல்லாம் போடுகிறார்கள் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். உப்பளத்தில் ராத்திரி லாரி ஏற்ற, மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விட, கோயில் கோபுரத்துக்கு, கட்டடம் கட்ட, பொதுக்கூட்டத்துக்கு, ஜெயில் மதிலுக்கு, கல்யாணப் பந்திக்கு. பந்தியை நினைத்ததும் அந்த மோதிரம் ஞாபகம் வந்து, அதை மட்டும் அடித்துவிட்டேன்.

ராக்கியப்பன் சார் மூன்று பக்கத்தையும் வாய்விட்டுப் படித்தார். "அருமையா எழுதியிருக்கீங்க. ஆனா நான் 'மட்டும்'னு எழுதிட்டனுங்களே. அதை அடிச்சா மேல இருக்கறவங்க ஏன் அடிச்சேன்னு கேப்பாங்க. வேற வேலைக்கும் ஆகுதுன்னு என் கண்ணால பார்த்தேன்னு வைங்க, தைரியமா அடிச்சுப் போடலாமுங்க."

"கண்ணாலன்னா?"

"ஒண்ண எரிய விட்டுக் காட்டுங்க. அதுக்கடியில நாலு பேர் நாலு வேலை செய்யட்டும். விளையாட்டுத் தவிர."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை மாலை, துறைமுகத்துக்கு வெளியே இருக்கிற சரக்கு முற்றத்தில் என்று தேதி கொடுத்துவிட்டார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இவர் இப்போது பேசுகிறார். காரியம் ஆகவேண்டுமே. விளக்குக் கம்பங்கள் எங்கே நடுவது என்று வரைந்து காட்டினார். ஆட்டக்களத்துக்கு நான்கு மூலையிலும் கம்பம், கம்பத்துக்கு இரண்டு விளக்கு. மைதானத்துக் கடைசியில் நிற்கிற உடைமரம் வரைக்கும் பட்டப்பகல் மாதிரி இருக்குமாம்.

"அந்த மரத்துப் பக்கம் எதுக்கு வெளிச்சம்? அங்க யாரு இருக்கா? விளக்கக் கொஞ்சம் உள்பக்கமாத் திருப்பி வைங்க. கரண்டு வீணு" என்றேன்.

"ஒண்ணும் வீணில்ல. கூட்டம் நின்னு பாக்கும்லா?"

"அங்க யாரு நிப்பா? ஒரே கட்டெறும்பு."

"கட்டெறும்பு இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அந்த வழியாகக் கோயிலுக்குப் போகும்போது பார்த்தேன் என்று சொன்னேன். கோயில் எதிர்த் திசையில் இருக்கிறது என்பது சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. நல்லவேளை, இவர் கம்பத்துக் கணக்கில் மூழ்கியிருந்தார்.

செப்டம்பர் 10, புதன்

ஆள் பிடிக்கிற வேலை. மீன் வெட்டுகிற பாக்கியம் அக்காள் ஒரு கூடை சாளையோடு வருவாள். சலூன்காரர் முருகாண்டி, அவர் தாடி மழிக்க அண்ணாச்சியே முகம் கொடுக்கிறார். லாரி டிரைவர் ஒருவர் பேப்பர் படிப்பார். படிக்கத் தெரியுமா என்று கேட்டேன். "படம் பாப்பேன்க்கா" என்றார். போதும்.

இவருக்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசித்தேன். இவரைச் சும்மா விட்டால் கை தானாகப் பந்து அடிக்கிற மாதிரி ஆடும். தூக்கத்திலேயே ஆடும். ஆகவே சின்ன உள்ளி, அதாவது சின்ன வெங்காயம், உரிக்கச் சொல்லிவிட்டேன்.

"என் விளக்குக்கு அடியில நான் உள்ளி உரிக்கணுமா?"

"சனிக்கிழமை வாலிபால் ஆடணும்னா வியாழக்கிழமை உள்ளி உரிக்கணும்."

பயங்கரமாக முறைத்தார். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. அதனால் கண் எரியாத சின்ன ரகமாகப் பார்த்து வாங்கினேன்.

செப்டம்பர் 11, வியாழன்

இன்று நடந்ததை எழுதிவிட்டுத்தான் தூங்குவேன்.

ஆறரைக்கு விளக்கைப் போட்டார்கள். அம்மாடி! முற்றம் மொத்தமும் வெளுத்துவிட்டது. பக்கத்துத் தெருவில் சேவல் கூவ ஆரம்பித்தது, அதைக் கேட்டு இன்னொன்று. எங்கிருந்தோ ஒரு ஆள் கையில் பால் தூக்கோடு வந்து, விடிந்துவிட்டதா என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். பாக்கியம் அக்காள் மீன் வெட்டினாள். ஊரில் உள்ள பூனையெல்லாம் வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தது. அண்ணாச்சிக்கு முருகாண்டி நுரை போட்டார். டிரைவர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார், கண்ணைக் காட்டித் திருப்ப வைத்தேன். பூச்சி மழையாகக் கொட்டியது. அண்ணாச்சி முகத்து நுரையில் ஒட்டிய பூச்சிகளைப் பார்த்தால் எள்ளுருண்டைதான்.

ராக்கியப்பன் சார் ஒவ்வொருவரிடமும் போய் நின்று, "நல்லாத் தெரியுதுங்களா?" என்று கேட்டுக் கேட்டு எழுதினார். எல்லாம் நன்றாகத்தான் போனது.

அப்போதுதான் கவனித்தேன். உள்ளி உரிக்கிற என் கணவரின் பக்கத்தில் ஒரு பை. அந்தப் பை எனக்குத் தெரியும். அதற்குள் பந்து இருக்கும். கோயிலுக்குப் போனாலும் அந்தப் பையோடு போகிற மனிதர். சார் பார்த்தால் என்ன ஆகும்? பந்தைப் பார்த்த மாத்திரத்தில் 'விளையாட்டுக்கு மட்டும்' என்று மறுபடியும் எழுதிவிடுவார். நான் மெதுவாகப் போய், பையை இழுத்து, பந்தை எடுத்து, அதன்மேல் உட்கார்ந்து சேலையால் மூடிக்கொண்டேன். பையில் மூடியிருந்தபடியே விட்டிருக்கலாம். அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

"என்னளா செய்யுத?" என்றார் இவர் மெல்ல.

"பேசாம உரிங்க."

பந்தின்மேல் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அது ஒரு பக்கம் போகும், நாம் ஒரு பக்கம் போவோம். சார் என் பக்கம் வந்தார். "மேடம், நீங்க என்ன வேலை செய்யறீங்க?"

"மேற்பார்வை சார்."

"எதுக்குங்க இப்படி ஆடறீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. பந்து நழுவி வெளியே வந்தது. நான் தரையில் விழுந்தேன். பந்து பூனைகளைத் தாண்டி உருண்டு போய் சாரின் கால் பக்கத்தில் நின்றது.

பாக்கியம் அக்காள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். இவர் முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் நிறைந்திருந்தது. உள்ளி என்று நினைக்கிறேன். உள்ளி இல்லை. இந்த மனிதருக்கு இது போய்விடக் கூடாதே என்று மாதாவைக் கூப்பிட்டேன்.

ராக்கியப்பன் சார் குனிந்து பந்தை எடுத்தார். பந்தைப் பார்த்தார். நிமிர்ந்து விளக்கைப் பார்த்தார். மறுபடி பந்தைப் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், இது என்ன அத்தியாயம்?"

"தொண்ணூத்தஞ்சு சார்" என்றேன், தரையில் கிடந்தபடியே. உயிர் போனாலும் அத்தியாயத்தை மாற்றிச் சொல்ல முடியாதே.

"விளையாட்டுச் சாமான்."

"ஆமா சார்."

"அப்ப," என்று பந்தை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார், "இதுதானுங்க விளையாட்டுச் சாமான். அது விளக்கு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தாத்தானுங்க தெரியுது!"

பேனாவைத் திறந்தார். மூடவில்லை. மேலேயும் பார்க்கவில்லை. 'மட்டும்' என்ற சொல்லை அடித்து, தொண்ணூற்று நான்கு என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். பந்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "முதல்லயே இதைக் கொண்டாந்திருந்தா மீனெல்லாம் வெட்டியிருக்க வேண்டாமுங்களே" என்றார்.

அண்ணாச்சி பாதித் தாடியோடு எழுந்து நின்று கைதட்டினார். இவர் என்னைத் தூக்கிவிட்டார். கை முழுக்க உள்ளி நாற்றம். அந்தக் கையை நான் சீக்கிரம் விட்டுவிட்டேன் என்று எழுதலாம் என்றுதான் நினைத்தேன். விடவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

சரக்கு வெளியே வந்துவிட்டது. அடுத்த தடவை பொருளின் பெயரை ஒழுங்காக எழுத வேண்டும் என்று ஒரு எச்சரிக்கையோடு விட்டார்கள். உரித்த உள்ளி வீணாகாமல் எல்லார் வீட்டுக்கும் கொஞ்சம் கொடுத்தேன். இன்று சாளைக்குழம்பு. இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார்.

"நாளைக்கு வாரியாளா? ஒன் விளக்குதான அது?" என்று கேட்டார்.

"மோதிரம் ஏறுன அன்னைக்கு வாரேன்" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நேற்று நான் மைதானத்துக்குப் போனது அலுவலக வேலையாக. விடுவித்த சரக்கு ஒழுங்காக எரிகிறதா என்று பார்க்க வேண்டும். யாரும் பார்ப்பதில்லை. ஆனால் பார்ப்பது நல்லது.

உடைமரத்துக்குப் பின்னால் நின்றேன். எட்டு விளக்கும் எரிந்தன. எங்கள் ஊர்ச் சனம் முழுக்க "ஓ" என்று சத்தம் போட்டது. முத்துக்கரைக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலேயே பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு சங்கடம். நான்கு பக்கமிருந்தும் வெளிச்சம் வந்தால் மரத்துக்குப் பின்னால் என்று ஒரு இடமே இருக்காது. எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் வெளிச்சம். எனக்கு அத்தியாயம் எல்லாம் தெரியும், இது தெரியவில்லை. சேலைத் தலைப்பை முக்காடு போட்டுக்கொண்டு நின்றேன்.

இறுதி ஆட்டம் முத்துக்கரையோடு. கடைசி செட். அவர்கள் பதினான்கு, நாங்கள் பதின்மூன்று. சர்வீஸ் இவருடையது. இவர் பந்தைத் தட்டித் தட்டி யோசிக்கிறார். முத்துக்கரையின் இடது மூலை காலியாகக் கிடக்கிறது. இவர் எப்போதும் அதைப் பார்க்கமாட்டார், சொல்ல வேண்டும். சொன்னேன்.

"எடது மூல! எடது மூல காலியாக் கெடக்கு!"

பந்தை மேலே எறிந்தவர், அப்படியே சத்தம் வந்த பக்கம் திரும்பினார். எட்டு விளக்கின் வெளிச்சத்தில் முக்காடு நழுவி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நான் நின்றேன். கால் முழுக்கக் கட்டெறும்பு வேறு, குதித்துக்கொண்டும் இருந்தேன். இவர் என்னைப் பார்த்தார். பந்து இவர் தலையில் விழுந்து, தோளில் பட்டு, தரையில் உருண்டது.

அவர்கள் பதினைந்து. முடிந்தது.

கோப்பை முத்துக்கரைக்குப் போனது. கழகத்துப் பையன்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். இவர் மட்டும் தலையில் பந்து பட்ட இடத்தைத் தடவிக்கொண்டு, ஈ என்று இளித்தபடி நின்றார். எதிரணித் தலைவன் கை கொடுக்க வந்து, பயந்து போய், "தண்ணி கிண்ணி குடிக்கீரா?" என்று கேட்டானாம்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தார். "எத்தன வருஷமா வார?"

"சரக்கு எரியுதான்னு பாக்க வந்தேன். அலுவலக வேல."

"போன வருஷம் கடைசி ஆட்டத்துல ஒரு கொரலு. அதுக்கு முந்துன வருஷமும். இருட்டுக்குள்ள இருந்து 'எடது மூல, எடது மூல'ன்னு. நான் மாதாதான் சொல்லுதாவன்னு நெனச்சேன்ளா! வருஷா வருஷம் போய் மெழுகுவர்த்தி கொளுத்திட்டு வாரேன்!"

"பொண்டாட்டி சத்தம் தெரியாதா உங்களுக்கு?"

"எப்படித் தெரியும்? வீட்ல நீ எனக்கு எதிராத்தான கத்துவ. எம் பக்கம் நின்னு கத்துனா நான் எப்படிக் கண்டுபிடிக்க?"

குழம்பு அடுப்பில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது. அதன் முன்னால் நின்று, சத்தம் வெளியே போகாமல் வெகுநேரம் சிரித்தேன். சந்தோஷமாக இருந்தது.